கடலுக்கு அப்பாலிருந்து மீண்டவர்: ப. சிங்காரம்

மதுரையிலிருந்து காரைக்குடிக்குப் போகும் வழியில், பாரியின் பறம்புமலை என்று வழிவழியாகக் கொள்ளப்படும் பிரான்மலைக்கு அருகே, சிங்கம்புணரி என்றொரு சிற்றூர் உள்ளது. சந்தைக்கும் சேவுகப்பெருமாள் ஐயனார் கோயிலுக்கும் பெயர் பெற்ற ஊர். அந்நாளைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூரில், 1920ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், பழனிவேல் நாடார், உண்ணாமலை அம்மாள் ஆகியோரின் மகனாகப் பிறந்தவர் ப. சிங்காரம். ஜவுளி வணிகக் குடும்பம். துணி மூட்டையும் கடனும் கணக்கும் சந்தை நாளும் பேச்சாக இருந்த வீடு. தமிழ் நாவலில் கடலையும் போரையும் அந்நிய நகரத்தின் தெருக்களையும் நிகரின்றி எழுதியவர், கடலே இல்லாத இந்த வறண்ட நிலத்திலிருந்து புறப்பட்டவர் என்பதை முதலிலேயே நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

தொடக்கக் கல்வி சிங்கம்புணரியில். உயர்நிலைக் கல்வி மதுரை தூய மரியன்னை பள்ளியில். பள்ளி நாள்களில் அவர் பார்த்த மதுரை, வைகைக் கரையும் மாசி வீதிகளும் சத்திரங்களும் இரவுக் கடைகளுமான மதுரை. அது அவர் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பது பிற்காலத்தில், இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்து, சுமத்ராவில் நடக்கும் ஒரு கதைக்குள் அந்நகரம் திரும்பத் திரும்ப எழுந்து வந்தபோதுதான் வெளிப்பட்டது. கல்லூரிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. அந்த வட்டாரத்து வணிகக் குடும்பங்களில் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இருந்த வழி அக்கரைச் சீமைதான். 1938ஆம் ஆண்டு சிங்காரம் இந்தோனேசியாவின் மெடான் நகருக்குக் கப்பலேறினார். அங்கே செ. கா. சின்னமுத்துப் பிள்ளை என்பாரின் கடையில் வேலை.

அக்கரைச் சீமை என்ற சொல் கீழைக் கடற்கரை மக்களுக்கு விளக்கம் வேண்டாத சொல். வரிச்சிக்குடியிலிருந்து கடற்கரையோடு தெற்கே நடந்தால் காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் என்று வரிசையாக வரும் ஊர்கள் எல்லாமே கப்பல் ஏற்றி அனுப்பிய ஊர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரின் காரைக்காலிலிருந்து ரெயூனியன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் சென்றனர். பிரெஞ்சிந்தியக் குடிமக்கள் சைகோனுக்கு உத்தியோகம் தேடிச் சென்றனர். நாகப்பட்டினம் வழியே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற ரஜூலா கப்பலின் பெயர் இக்கரையோர முதியவர்களின் பேச்சில் ஓர் உறவினரின் பெயர்போலவே வழங்கியது. போனவர்களுள் திரும்பியவர் சிலர். கடிதம் மட்டும் திரும்பிய வீடுகள் பல. கடிதமும் நின்றுபோன வீடுகளும் உண்டு. இத்தனை வீடுகளின் நினைவு இத்தனை காலம் ஏட்டில் ஏறாமலே இருந்தது. பாரதியார் பீஜித்தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பாடினார். புதுமைப்பித்தன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைத் துன்பக்கேணியில் எழுதினார். இருவரும் கரையில் நின்று கண்டு நெஞ்சுருகியவர்கள். போய் வாழ்ந்து, அங்கே சிரித்து, சண்டையிட்டு, கணக்கெழுதி, காதலித்து, அந்த வாழ்வை உள்ளிருந்தே சொன்ன முதல் பெரிய நாவலாசிரியர் சிங்காரமே எனலாம்.

மெடான் அப்போது டச்சுக்காரரின் ஆட்சியில் இருந்த புகையிலை நகரம். டெலி புகையிலை ஐரோப்பியச் சுருட்டுகளுக்கு மேலுறையாகப் போய்ப் பெரும்பொருள் ஈட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தோட்டங்கள் பெருகப் பெருகச் சீனரும் ஜாவானியரும் தமிழரும் வந்து குவிந்தனர். அவர்கள் பின்னே வட்டிக்கடைகளும் வந்தன. மொஸ்கி ஸ்ட்ராட் எனப்பட்ட பள்ளிவாசல் தெருவில் நகரத்தார் கடைகள் இருந்தன. கிட்டங்கி என்று சொல்லப்பட்ட நீண்ட கூடத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு மேசை, ஒரு பெட்டி, ஓர் இடம். மேலாள் என்பவர் முதலாளியின் சார்பில் நடத்துபவர். அவருக்கு அடுத்தவர் அடுத்தாள். அடிமட்டத்தில் பெட்டியடிப் பையன். பெட்டியடியில் அமர்ந்து ஐந்தொகை பழகி, வசூலுக்கு நடந்து நடந்து ஊரைக் கற்று, மலாய் மொழியைக் கடன்காரர்களிடமே படித்துக்கொண்டு, பையன் மெல்ல மேலேறுவான். மூன்றாண்டு ஒரு கணக்கு. கணக்கு முடிந்ததும் ஊர். ஊரில் சில மாதம் இருந்து திருமணமோ வீட்டுவேலையோ முடித்துக்கொண்டு, மறுபடியும் கப்பல். பெண்கள் ஊரில், ஆண்கள் கிட்டங்கியில். ஆண்கள் மட்டுமே வாழும் அந்தக் கூடத்தில் இரவு விளக்கணைந்த பின் பாய்களிலிருந்து எழும் பேச்சு முழுவதும் ஊரைப் பற்றியதாகவே இருக்கும். சிங்காரத்தின் எழுத்தில் நினைவு ஒரு தனிமனிதனின் ஏக்கமாக இல்லாமல், பலர் சேர்ந்து பங்கிட்டு உண்ணும் சோறுபோல் இருப்பதற்கு இந்தக் கிட்டங்கி வாழ்க்கையே காரணம்.

1940இல் ஒருமுறை இந்தியா வந்து மீண்டும் மெடான் சென்ற சிங்காரம், அங்கே மராமத்து இலாகாவில் வேலையில் அமர்ந்தார். மராமத்து என்ற சொல் அரபு மொழியிலிருந்து கிளம்பித் தமிழ்நாட்டின் கண்மாய்க் கரைக்கும் மலாய் நாட்டின் அலுவலகங்களுக்கும் ஒருசேரப் போய்ச் சேர்ந்த சொல். இப்படிப்பட்ட சொற்களை அவர் காது விடாமல் சேர்த்துக்கொண்டே வந்தது. டச்சு, மலாய், சீனம், செட்டிநாட்டுத் தமிழ், முகவைத் தமிழ் எல்லாம் ஒரே தெருவில் ஒலித்த நகரம் அது. ஆங்கில நூல்களை அவர் தேடிப் படிக்கத் தொடங்கியதும் அங்கேதான். எமிங்வேயின் போர் நாவல் அவரை மிகவும் கவர்ந்தது. தமிழ்ப் பண்டிதர் எவரிடமும் பாடம் கேளாமல், எழுத்தாளர் குழு எதிலும் சேராமல், பிழைக்கப் போன இடத்தில் தனியே படித்துத் தேறியவர் அவர்.

பிறகு போர் வந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த மாதமே ஜப்பானியர் மெடானுக்குள் புகுந்தனர். நூற்றாண்டுகளாக அசைக்க முடியாதது என்று எண்ணப்பட்ட வெள்ளையர் ஆட்சி சில நாள்களில் சரிந்ததைக் கீழை நாட்டு மக்கள் தெருவோரத்தில் நின்று பார்த்தனர். அப்படிப் பார்த்தவர்களில் இருபத்தொரு வயது சிங்காரமும் ஒருவர். கப்பல் நின்றது. அஞ்சல் நின்றது. ஊரில் யார் இருக்கிறார்கள், யார் இறந்தார்கள் என்ற செய்தி இல்லாமல் மூன்றரை ஆண்டுகள். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். மலேயாத் தோட்டங்களின் தமிழர்கள் ஆயிரமாயிரமாக இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். 1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. அம்மாதம் 17ஆம் நாள் இந்தோனேசியா விடுதலையை அறிவித்தது. டச்சுக்காரர் மீண்டும் வந்தனர். மறுபடியும் துப்பாக்கிச் சத்தம். ஒரு நகரத்திலேயே நின்றவாறு மூன்று ஆட்சிகளை அவர் கண்டார்.

இந்தக் காலத்தில்தான் அவருடைய சொந்த வாழ்வின் பேரிழப்பும் நேர்ந்தது. இந்தோனேசியாவிலேயே ஒரு தமிழ்ப் பெண்ணை மணந்தார். தலைப்பிரசவத்தில் தாயும் சேயும் இறந்தனர். அதன்பின் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1946இல் இந்தியா திரும்பியபோது வயது இருபத்தாறு. கணக்கு முடிந்து ஊர் திரும்பும் அடுத்தாள் பெட்டி நிறையச் சீமைச் சாமான்களோடு வந்து இறங்குவது வழக்கம். அவர் கொண்டுவந்தது ஒரு நகரத்தை, அதுவும் மனத்துக்குள்.

1947இல் மதுரையில் தினத்தந்தி நாளிதழில் பணியில் சேர்ந்தார். 1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில்தான் அவ்விதழைத் தொடங்கியிருந்தார். எளிய மக்கள் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கென்று சிறிய சொற்றொடர்களில் செய்தி எழுதும் இதழ். அங்கே நாற்பது ஆண்டுகள், 1987 வரை, சிங்காரம் உழைத்தார். பகலெல்லாம் கொலையும் விபத்தும் அரசியலும் சுருக்கிச் சுருக்கி எழுதிய கை, இரவில் எழுதிய தமிழ் எத்தகையது என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பவர் வியப்படைவர். குறைந்த சொல்லில் காட்சியை நிறுத்தும் திறம் நாளிதழ் தந்ததாக இருக்கலாம். எஞ்சியதெல்லாம் அவருடையது. தங்கியிருந்தது மதுரை ஒய். எம். சி. ஏ. விடுதியின் ஓர் அறை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அதுவே வீடு. கிட்டங்கியில் தொடங்கிய ஆண்கள் மட்டுமான வாழ்க்கை விடுதி அறையில் தொடர்ந்தது. மனைவி, மக்கள், சொந்த வீடு என்ற எதுவும் இல்லாத ஒருவர் தமிழில் வீட்டு நினைவைப் பற்றிய இரண்டு பெரிய கதைகளை எழுதினார்.

முதல் நாவல் கடலுக்கு அப்பால். 1950இல் எழுதப்பட்டது. இந்திய தேசிய இராணுவத்திலிருந்து மீண்டு வரும் செல்லையா என்னும் இளைஞன், தன் முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதத்தை விரும்புகிறான். அவளும் அவனை விரும்புகிறாள். போருக்கு முன்பு மருமகனாக வரத்தக்கவன் என்று எண்ணப்பட்டவனே அவன். துப்பாக்கி தூக்கியவன் இனிப் பெட்டியடிக்கு ஆகமாட்டான் என்பது முதலாளியின் முடிவு. கதை இவ்வளவே. ஆனால் அந்த முதலாளியைக் கொடியவராக்காமல், தம் தொழிலின் நியாயத்தையும் மகன் இழந்த துயரத்தையும் சுமந்த ஒரு மனிதராகவே ஆசிரியர் காட்டியிருப்பது குறிப்பிடத்தக்கது. போர் முடிந்தபின் வீரனுக்கு வணிகத் தெருவில் இடமில்லை என்ற செய்தியை, ஆரவாரம் இல்லாமல், இரண்டு பேர் மேசைக்கு இருபுறமும் அமர்ந்து பேசும் பேச்சிலேயே உணர்த்திவிடுகிறார்.

கையெழுத்துப் படி ஒன்பது ஆண்டுகள் அலைந்தது. பதிப்பாளர்களுக்கு அது பிடிபடவில்லை. கடைசியில் கலைமகள் நடத்திய நாராயணசாமி ஐயர் நினைவு நாவல் போட்டிக்கு அனுப்பப்பட்டு முதற்பரிசு பெற்று, 1959இல் நூலாயிற்று. பரிசு பெற்ற நாவல் என்ற அளவில் சிலர் படித்தனர், பிறகு மறந்தனர். இன்னொரு நாவல் எழுதுமாறு அவரைத் தூண்டிய வரவேற்பு என்று அதைச் சொல்ல இயலாது. எனினும் எழுதினார்.

1962இல் எழுதி முடித்த புயலிலே ஒரு தோணி, முதல் நாவலின் அதே உலகத்தைப் பன்மடங்கு விரித்துக் காட்டுகிறது. முதல் நாவலில் ஒரு குடும்பத்தின் முற்றம். இதில் ஒரு கண்டத்தின் கலக்கம். மெடானின் கெர்க் ஸ்ட்ராட்டில், ஜப்பானியப் படை நுழைவதைப் பார்க்கக் கூடிய கூட்டத்தோடு கதை தொடங்குகிறது. கூட்டத்தில் நிற்கும் பாண்டியன் நாயகன். கொள்ளையடித்தவர்களின் தலைகளை வெட்டிப் பொதுவில் வைத்து ஜப்பானியர் நகரத்துக்குத் தம் நீதியை அறிவிக்கும் காட்சியைப் படித்தவர் மறக்கமாட்டார். அங்கிருந்து தொங்கானில் கடல் கடந்து பினாங்கு, நடுக்கடலில் புயல், பினாங்கில் நண்பர் கூட்டம், இந்திய தேசிய இராணுவம், முகாம்களில் சூழ்ச்சியும் வேவும் கொலையும், மறுபடியும் சுமத்ரா, டச்சுக்காரருக்கு எதிரான இந்தோனேசியரின் கரந்தடிப் போர், இறுதியில் ஊர் திரும்பும் ஆசை பிறக்கும் வேளையில் பாண்டியனின் சாவு. சிங்காரம் ஊர் திரும்பினார். அவர் படைத்த பாண்டியனோ திரும்பவில்லை.

இந்த நாவலைப் போர்ச் சாகசமாக மட்டும் படிப்போர் அதன் பாதியைத்தான் படிக்கின்றனர். மறுபாதி சின்னமங்கலம். பாண்டியனின் ஊராக வரும் இச்சின்னமங்கலம், பெயர் மாறிய சிங்கம்புணரியே. துப்பாக்கிக்கும் கடலுக்கும் நடுவே எந்த முன்னறிவிப்பும் இன்றி அவ்வூரின் சந்தை திறந்துகொள்கிறது. கடைகளின் வரிசை, கூவி விற்போரின் குரல், வண்டி மாடுகள், தின்பண்டத்தின் வாசனை, வீட்டுத் திண்ணை, பெரியவர்களின் அதட்டல், பள்ளிக்கூடத்துப் பயம். அதன் பின்னே மதுரை வருகிறது. தெருத்தெருவாக, இரவும் பகலுமாக வருகிறது. நினைப்பவனுக்கு அந்நினைவால் ஆறுதல் கிடைக்கிறது என்று ஆசிரியர் எங்கும் பசப்புவதில்லை. ஊரை நினைக்க நினைக்கப் பாண்டியன் ஊருக்குத் திரும்பத் தகாதவனாகிக்கொண்டே போகிறான். நினைவில் நிற்கும் ஊர் அவன் புறப்பட்ட நாளில் நின்றுவிட்டது. அவனோ பல கொலைகளைக் கடந்துவிட்டான். புலம்பெயர்ந்தவனின் துயரம் ஊரைப் பிரிந்ததில் இல்லை, ஊர் தன்னை அடையாளம் காணாது என்று அறிவதில்தான் இருக்கிறது என்பதை இத்துணை நேராகத் தொட்ட தமிழ் நாவல் அதற்குமுன் இல்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மெடானில் இருப்பவன் மதுரையை நினைக்கிறான். அதை எழுதியவரோ மதுரையில் இருந்துகொண்டு மெடானை நினைத்தார். விடுதி அறையின் சன்னலுக்கு வெளியே மதுரை கண்ணெதிரே கிடந்தது. எனினும் அவர் எழுதிய மதுரை, சுமத்ராவிலிருந்து ஏங்கிப் பார்க்கும் 1930களின் மதுரை. மெடானிலும் விடுதலைக்குப் பின் டச்சுப் பெயர்கள் போய்த் தெருக்களுக்கு இந்தோனேசியப் பெயர்கள் வந்தன. ஆகவே கெர்க் ஸ்ட்ராட், மொஸ்கி ஸ்ட்ராட் என்ற பெயர்களோடு, அக்கடைகளும் அம்மனிதர்களுமாய் அந்நகரம் இன்று முழுமையாக இருப்பது ஒரு தமிழ் நாவலுக்குள்தான்.

கவிஞர்கள் இந்நூலைத் தனியே கவனித்தல் வேண்டும். உரைநடையில் பழந்தமிழ்ப் பாடல்களை இவர் கையாண்ட விதம் வேறெவரும் கையாளாத விதம். சிலம்பும் பட்டினத்தாரும் தாயுமானவரும் பாத்திரங்களின் வாயில் மேற்கோளாக வந்து அலங்காரமாக நிற்பதில்லை. குடித்தவன் வாயில் சிதைந்தும், போருக்குப் போகிறவன் மனத்தில் பாதியில் அறுந்தும், கேலியாகத் தலைகீழாகியும் வருகின்றன. படித்த தமிழன் ஒருவனின் மூளைக்குள் பாடல் எப்படிக் கிடக்குமோ அப்படி. பினாங்கில் நண்பர்கள் கூடி நடத்தும் தமிழ்ப் பேரவை என்னும் பகுதியில், தமிழினத்தின் பழம்பெருமை பேசும் வழக்கம் இரக்கமின்றி எள்ளப்படுகிறது. எழுதப்பட்ட ஆண்டு 1962 என்பதை மறத்தலாகாது. மேடைதோறும் மூவேந்தர் புகழ் முழங்கிய காலம் அது. அக்காலத்தில் இப்படி எழுதத் துணிவு வேண்டும். ஆனால் அந்த எள்ளலுக்கு அடியில் ஓடுவது வெறுப்பு அன்று. எங்கோ ஒரு தீவில், பெயர் தெரியாத சண்டைகளில், கேட்பாரின்றிச் சாகும் தமிழனுக்கு இப்பழம்பெருமை என்ன செய்தது என்ற கேள்வி. வெளிநாட்டில் தமிழன் என்னவாக இருக்கிறான் என்பதைக் கண்ணால் கண்டு வந்தவரின் கோபம் அது.

சொல்லாட்சியிலும் அப்படியே. தொங்கான், கிட்டங்கி, மரக்காயர், தவ்க்கே, துவான் என்று கடலோரச் சொற்களும் அக்கரைச் சொற்களும் விளக்கமின்றி வந்து விழுகின்றன. பொருள் தெரியாதவருக்கும் சூழல் பொருள் சொல்லிவிடும். காரைக்கால், நாகூர்ப் பக்கத்து வாசகருக்கு அச்சொற்களில் பல வீட்டுப் பெரியவர்களின் வாயில் கேட்டவையே. அடிக்குறிப்புகளால் நூலை மூழ்கடிக்காமல் விட்டதற்காகவே ஆசிரியருக்கு நன்றி சொல்லலாம்.

குறைகள் இல்லாத நூல் அன்று. பிற்பகுதியில் பாண்டியனின் தீரச்செயல்கள் திரைப்படத்துக்குரிய வேகத்தில் அடுக்கப்படுகின்றன. எந்த ஆபத்திலும் அவன் மதியும் கையும் பிசகுவதில்லை. முதற்பகுதியில் கூட்டத்தில் ஒருவனாக நின்ற இளைஞனை ஆசிரியர் வீரநாயகனாக உயர்த்தியது நாவலுக்கு இழப்பே. பெண்களோ ஊரில் காத்திருப்பவர்களாக அல்லது அந்நிய நகரத்தில் இன்பம் தருபவர்களாக வந்து மறைகின்றனர். மூன்றாண்டுக் கணக்குக்குப் போன கணவனை எதிர்பார்த்திருந்த பெண்ணின் பக்கத்துக் கதை இவர் நாவல்களுக்கு வெளியே நிற்கிறது. தம் மனைவியையும் பிறவாத வாழ்வாய்ப் போன குழந்தையையும் அவர் எழுத்தில் கொண்டுவரவே இல்லை. உலகப் போரை எழுத முடிந்தவரால் ஒரு பிரசவ அறையை எழுத முடியாமற் போயிற்று. அந்த மௌனத்தைக் குறையென்று சொல்வதற்கு எவருக்கும் உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

புயலிலே ஒரு தோணி பத்தாண்டுகள் அச்சேறவில்லை. பல பதிப்பகங்களின் வாயிலை எட்டித் திரும்பியது. மர்மக் கதையும் குடும்பக் கதையும் தொடர்கதையும் விற்ற காலத்தில், சுமத்ராவில் நடக்கும், டச்சுத் தெருப் பெயர்களும் சித்தர் பாடல் கிண்டலும் நிறைந்த ஒரு நூலை யார் வாங்குவார் என்ற எண்ணம். 1972இல் கலைஞன் பதிப்பகம் அதனை வெளியிட்டது. அப்போது ஆசிரியருக்கு ஐம்பத்திரண்டு வயது. வெளிவந்தும் பேசுவாரில்லை. கடலுக்கு அப்பாற் தமிழர் வாழ்வைச் சொன்ன வேறு நாவல்கள், அகிலனின் பால்மரக்காட்டினிலே போன்றவை, பரவலாக அறியப்பட்டபோதும் இவர் நூல் நூலகத் தட்டுகளில் கிடந்தது. சிங்காரம் எவரிடமும் முறையிடவில்லை, கூட்டங்களுக்குச் செல்லவில்லை, முன்னுரை கேட்டு எவர் வீட்டுப் படியும் ஏறவில்லை. ஆனால் மூன்றாவது நாவலை எழுதவும் இல்லை. முப்பது வயதில் ஒன்று, நாற்பத்திரண்டில் மற்றொன்று என எழுதியவர், அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் மூன்றாவதைத் தரவில்லை. ஒரு கையெழுத்துப் படியை ஒன்பது ஆண்டுகளும் மற்றொன்றைப் பத்தாண்டுகளும் காத்திருக்க வைத்த ஒரு மொழிச் சமூகம், இழந்தது என்ன என்று கணக்கிட வழியில்லை. வட்டிக்கடையின் ஐந்தொகையில் வராக்கடன் என்று ஒரு பத்தி உண்டு. அதில் எழுத வேண்டியது இது.

1980களில்தான் காற்று மாறத் தொடங்கியது. விமர்சகர் சி. மோகன் தமிழ் நாவலைப் பற்றிய கட்டுரையொன்றில் மோகமுள், ஜே. ஜே: சில குறிப்புகள் ஆகியவற்றோடு புயலிலே ஒரு தோணியையும் தமிழின் தலைசிறந்த நாவல்களாக முன்வைத்தார். தி. ஜானகிராமனையும் சுந்தர ராமசாமியையும் அறிந்த வாசகர்கள், இந்த மூன்றாம் பெயர் யாருடையது என்று தேடத் தொடங்கினர். தேடி மதுரைக்குப் போனவர்கள் கண்டது, விடுதி அறையில் தனித்திருந்த, அதிகம் பேசாத, தம் நாவலைப் பற்றிக் கேட்டால் கூச்சப்பட்ட ஒரு முதியவரை. ந. முருகேசபாண்டியன் முதலானோர் அவரைச் சந்தித்து எழுதியதாலேயே அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் எஞ்சின. பிற்காலத்தில் ஜெயமோகனும் அவர் நாவல்களை விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

1987இல் தினத்தந்திப் பணியிலிருந்து விலகியபின் பத்தாண்டுகள் வாழ்ந்தார். வருவாய் குறைவு, செலவு அதனினும் குறைவு. விடுதி அறையில் இருந்து, நாற்பது ஆண்டுகள் ஒரு நாளிதழில் உழைத்துச் சேர்த்த பணம் ஏழு லட்சம் ரூபாய் அளவில் இருந்தது. அதை நாடார் மகாஜன சங்கத்திடம் ஒப்படைத்தார். ஏழை மாணவர்களின் படிப்புக்கு அது பயன்பட வேண்டும் என்பதே அவர் விருப்பம். பள்ளிப் படிப்போடு பதினெட்டு வயதில் கப்பலேறிய ஒரு பிள்ளை, எழுபது வயதைத் தாண்டியபின் அப்படிக் கப்பலேற வேண்டியிராத பிள்ளைகளுக்கு அந்தப் பணத்தைக் கொடுத்தார்.

1997 டிசம்பர் 30ஆம் நாள் மதுரையில் ப. சிங்காரம் காலமானார். வயது எழுபத்தேழு. இறுதி நாள்களில் தமிழ்ப் படிப்பாளிகளின் ஒரு சிறு வட்டத்துக்கு அப்பால் அவரை அறிந்தவர் குறைவு. அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குள் தமிழினி பதிப்பகம் அவருடைய நாவல்களை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. அதன்பின் வேறு பதிப்புகளும் வந்தன. பல்கலைக்கழகங்களில் ஆய்வேடுகள் எழுதப்பட்டன. 2020இல் அவருடைய நூற்றாண்டு வந்தது. கெர்க் ஸ்ட்ராட்டில் நின்ற கூட்டத்தைப் புதிய வாசகர்கள் இப்போதும் முதன்முறையாகப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.